வழி காட்டிக்கொடுத்த குருவம்மாள்

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் என் பெரியம்மாவையும் பார்த்திருப்பீர்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே தலையில் துண்டு கட்டி, இடுப்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். ஒரு ஜீப் வந்து நிற்கும். உள்ளே இருப்பவன் ஏதோ கேட்பான். அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டி மேலே போகும் பாதையைக் காட்டுவாள். அவ்வளவுதான். அவள்தான் குருவம்மாள், என் அம்மாவின் அக்கா.

படத்தைப் பார்த்த யாரும் அவள் முகத்தை மறக்கவில்லை. ஆனால் அவள் எப்படிப்பட்டவள் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்ததிலிருந்து அவள் வீட்டில்தான் இருக்கிறேன். அடுத்து என்ன செய்வது என்று எனக்கே தெரியாமல் கிடக்கும் நேரத்தில், இதையாவது சரியாக எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியம்மா பிறந்தது மலையாள நாட்டு மலையில், சின்னக்கானல் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் பக்கத்து வீட்டில் தும்முவார்கள். தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். பெரியம்மா அந்த ஊரை இரண்டு மூன்று முறை பார்த்ததோடு சரி. வயசுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். பெரியப்பா பெயர் பெரியமுத்து; எஸ்டேட் தொழிற்சாலையில் வேலை பார்த்து, மகன் சிறுவனாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகன் சதீஷ் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

பெரியப்பா இறந்தபோது பெரியம்மாவைச் சோறு தின்ன வைத்தது பக்கத்து வீட்டு இன்பமேரிதான். பெரியம்மாவைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். இருவருக்கும் தோட்டத்திலும் பக்கத்துப் பக்கத்து நிரை, அதாவது செடி வரிசை. ஒருத்தி பின்தங்கினால் மற்றவள் அவள் நிரையில் இரண்டு செடி எட்டிப் பறித்துப் போடுவாள். இன்பமேரியின் புருஷன் ஆசீர்வாதத்தைப் பெரியம்மா அண்ணே என்பாள். அதனால் இன்பமேரி அவளுக்கு மதினி. கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து முறுக்கும், பொங்கலுக்கு இங்கிருந்து பொங்கலும் போகும். சுவர் மட்டும்தான் நடுவில்.

பெரியம்மாவுக்கு சினிமா என்றால் உயிர். ஆனால் அவள் படம் பார்ப்பது வேறு மாதிரி. கெட்டவன் வந்தவுடன் திட்ட ஆரம்பித்துவிடுவாள். ஒருமுறை டிவியில் ஒரு வில்லன் நடிகர் ஓணத்துக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"மூஞ்சியப் பாரு, முழுங்குற முழி," என்றாள் பெரியம்மா.

"அது நடிப்பு பெரியம்மா. நெசத்துல அவரு பாவம்."

"உள்ள இல்லாமலா வெளிய வருது? நீ ஒன் சோலியப் பாரு."

நானும் இன்பமேரி அத்தையும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இனி சமரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வேலைநிறுத்தத்தை எல்லாரும் சமரம் என்றுதான் சொல்வார்கள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பெருமழையில் லயத்துச் சுவர் ஒன்று இடிந்து விழுந்து ஒரு குழந்தைக்குக் கால் போயிற்று. கூரையையும் சுவரையும் சரிசெய்யாமல் வேலைக்குப் போவதில்லை என்று எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் ஆசீர்வாதம். மானேஜரின் ஜீப் கண்ணாடி உடைந்தது. யார் உடைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கேஸ் மட்டும் ஆசீர்வாதம் பெயரில் விழுந்தது. அவர் தலைமறைவானார்.

சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலையிலிருந்த இன்பமேரியின் தம்பி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் அவரை மறைத்துவைத்தான். எங்கள் லயத்தில் அந்த இடம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி இன்பமேரி. அவளைப் போலீஸ் கண்காணித்ததால், துணியும் மாத்திரையும் சோறும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லி பஸ் ஏறிப்போனவள் பெரியம்மா.

அடுத்த இரண்டாவது நாள் போலீஸ் ஸ்டோருக்குப் போய் அவரைப் பிடித்தது. அடித்ததில் முட்டி உடைந்தது. அன்றிலிருந்து ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு. கம்பெனியின் கையாள் என்றார்கள், ஸ்டோரில் வேலை பார்த்தவன் என்றார்கள். இன்பமேரி ஒருநாளும் பெரியம்மாவைச் சந்தேகப்படவில்லை. சமரம் ஜெயித்தது. கூரை மாறியது. ஆசீர்வாதம் எங்களுக்கெல்லாம் பெரிய மனிதர் ஆனார்.

போன வருடம் ஆசீர்வாதத்தின் அண்ணன் மகன் ஜின்சன் எர்ணாகுளத்திலிருந்து வந்தான். சினிமாவில் உதவி டைரக்டராகச் சேர்ந்திருந்தான். அவன் கம்பெனி இந்தச் சமரத்தைத்தான் படமாக எடுக்கப்போகிறது என்றான். எல்லாருடைய வீட்டிலும் உட்கார்ந்து கதை கேட்டான். பெரியம்மா அவனுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, சக்குபள்ளம் போன கதையைச் சொன்னாள். போகும்போது சோற்றுத் தூக்குவாளியிலிருந்து குழம்பு சிந்தி பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்கியதைக்கூடச் சொன்னாள்.

"அத்தே, ஒங்களையும் படத்துல ஒரு சீன் நிக்க வைக்கிறேன்," என்றான் ஜின்சன்.

"போடா, என் மூஞ்சிக்கு கேமரா ஒடஞ்சு போவும்."

ஆனால் ஷூட்டிங் அன்று விடிவதற்குள் தலை பின்னி, மூக்குத்தியைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தயாராகிவிட்டாள். நானும் போயிருந்தேன். டைரக்டர் மலையாளத்தில் சொன்னார்: "சேச்சி, வண்டிக்காரன் வழி சோதிக்கும். சேச்சி ஒந்நு சிரிச்சு வழி காட்டிக்கொடுக்கணம். அத்ரேயுள்ளு."

வழி கேட்பான், சிரித்து வழி காட்டினால் போதும். இதில் என்ன கஷ்டம்? எங்கள் பக்கம் கொழுந்து பறிக்கும் பெண்கள் தினமும் செய்கிற வேலைதானே. அருவி எங்கே, வியூ பாயிண்ட் எங்கே என்று டூரிஸ்ட் ஜீப் நிறுத்திக் கேட்டுக்கொண்டேயிருப்பான். இவர்களும் கை வேலையை விடாமல் சிரித்து, பாதையைக் காட்டுவார்கள். பெரியம்மா அதைத்தான் செய்தாள். ஒரே தடவையில் ஓகே ஆகிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். ஜீப்பில் எந்த எழுத்தும் இல்லை. உள்ளே இருந்தவன் சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தான்.

படம் வந்ததும் எஸ்டேட்டுக்காரர்களுக்கு முதலில் காட்டுவோம் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்தபிறகு, பக்கத்துப் பங்கு மண்டபத்தில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடித் திரை கட்டினார்கள். இடம் பிடிக்கச் சண்டையே நடந்தது. ஆசீர்வாதத்துக்கு முன்வரிசையில் நாற்காலி. பக்கத்தில் இன்பமேரி. அவளுக்குப் பக்கத்தில் பெரியம்மா.

படம் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். மழையில் சுவர் இடியும் காட்சியில் நிறையப் பேர் அழுதார்கள். ஆசீர்வாதத்தின் வேடத்தில் வந்த நடிகர் மானேஜர் முன்னால் நின்று பேசியபோது விசில் பறந்தது. அவர் ஏலக்காய் ஸ்டோரில் ஒளிந்துகொண்டார். இருட்டில் ஜெபம் செய்தார். அடுத்த காட்சியில் தேயிலைக் காடு. பெரியம்மா.

"ஏ, நம்ம குருவம்மாடி!"

"மூக்குத்தி என்னமா மின்னுது!"

"சிரிப்பப் பாரேன், கல்யாணப் பொண்ணு மாதிரி!"

இன்பமேரி பெரியம்மாவின் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள், சந்தோஷத்தில்.

திரையில் ஜீப் மேலே ஏறியது. திரும்பியது. அதன் பக்கவாட்டில் இப்போது போலீஸ் என்று எழுதியிருந்தது. அது நேராக ஏலக்காய் ஸ்டோர் வாசலில் போய் நின்றது. கதவை உடைத்தார்கள். கதாநாயகனை வெளியே இழுத்துப்போட்டு அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் பெரியம்மாவின் சிரிப்பை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார்கள். அடி, சிரிப்பு. அடி, சிரிப்பு. கதாநாயகன் ரத்தத்தோடு நிமிர்ந்து, "எனிக்கு சோறு தந்ந கையா" என்றார். எனக்குச் சோறு போட்ட கை.

மண்டபத்தில் எல்லாரும் எட்டி எட்டிப் பெரியம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மா மட்டும் என் பக்கம் குனிந்து, "ஏட்டி, இது எப்ப எடுத்தாக?" என்று கேட்டாள். அவளுக்கு இன்னும் புரியவில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டபோது இன்பமேரி ஆசீர்வாதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எங்களைப் பார்க்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலை தோட்டத்தில் இன்பமேரி நான்கைந்து நிரை தள்ளிப் போய் நின்றாள். அன்று நானும் தற்காலிக வேலைக்குப் போயிருந்ததால் எல்லாவற்றையும் கேட்டேன்.

"மதினி, எங்க போற? நம்ம நிரை இங்கல்ல இருக்கு?"

"எனக்கு இது போதும்."

"நேத்துப் படத்தப் பாத்துட்டுத்தான மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நடிப்பு மதினி அது."

இன்பமேரி பறிப்பதை நிறுத்தினாள். "நடிப்புன்னா, என்ன செய்யச் சொன்னாக ஒன்ன?"

"வழி கேப்பான், சிரிச்சிக்கிட்டு காட்டிக்குடுன்னாக."

"காட்டிக்குடுத்தியா?"

"காட்டிக்குடுத்தேன்."

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பெரியம்மா தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று தெரியாமல் நின்றாள். வழியைக் காட்டிக்கொடுப்பதும் ஆளைக் காட்டிக்கொடுப்பதும் நம் மொழியில் ஒரே சொல்தான்.

"சக்குபள்ளத்து ஸ்டோரு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு," என்றாள் இன்பமேரி. "ஒண்ணு நான், இன்னொண்ணு நீ. பன்னெண்டு வருசமா எனக்கு இது தோணவே இல்ல பாரு. படத்துக்காரன் வந்து வெளிச்சம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கு."

"மதினி, சத்தியமா நான்..."

"படத்துக்குன்னே வச்சிக்க. ஒருத்தனப் பிடிச்சுக் குடுக்கையில அப்பிடிச் சிரிக்க வருமா ஒரு மனுசிக்கு? உள்ள இல்லாமலா வெளிய வருது?"

பெரியம்மா குனிந்து கொழுந்தைக் கிள்ளத் தொடங்கினாள். அது டிவியைப் பார்த்து அவளே சொன்ன பேச்சு.

பெரியம்மா போனில் கூப்பிட்டு அழுததில், ஜின்சன் அந்த வாரமே பைக்கில் வந்தான். வாசலில் நின்றவனை உள்ளே கூப்பிடவில்லை அவள்.

"அத்தே, இது சினிமா. கதைன்னா ஒரு கெட்ட ஆள் வேணும்."

"கெட்ட ஆளுக்கா பஞ்சம்? செவுத்தக் கட்டாத கம்பெனிக்காரன் இருக்கான். முட்டிய ஒடச்ச போலீஸ்காரன் இருக்கான். அவனெல்லாம் நல்லவனா?"

"அவங்க கெட்டவங்கன்னு ஜனத்துக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சதுக்கு யாரு அழுவா? கூட இருந்தவ, சோறு குடுத்தவ செஞ்சாத்தான் நெஞ்சுல அடிக்கும். டைரக்டர் சாருக்கு அதான் பிடிச்சது."

"சோறு குடுத்தது நான்தான்னு அந்தாளுக்குத் தெரியுமா?"

ஜின்சன் ஹெல்மெட்டைக் கையில் உருட்டினான். "நீங்கதான சொன்னீங்க."

"நான் ஒதவி செஞ்சதுல்லடா சொன்னேன்."

"அத அப்பிடியே வச்சா அதுல ட்விஸ்ட் இல்ல அத்தே."

எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஒரு கதையில் நல்லவன் யார், கெட்டவன் யார் என்பதை எழுதுகிறவன் தீர்மானிக்கலாம். சரி. ஆனால் உயிரோடு இருக்கும் ஒருத்தியின் முகத்தை எடுத்து, அவள் செய்த நல்லதையே புரட்டிப்போட்டு, அவள் ஊருக்கு நடுவில் திரை கட்டிக் காட்டுவதற்கு என்ன பெயர்? கம்பெனியைக் கெட்டவனாகக் காட்டியிருந்தால் கம்பெனி கேஸ் போட்டிருக்கும். குருவம்மாள் கேஸ் போட மாட்டாள். அதுவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பெரியம்மா அவனைக் கையோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். அவன் போய், "சித்தி, அது கற்பனை, நாங்களாச் சேர்த்தது," என்று சொல்வது சுவர் வழியாகக் கேட்டது.

"அப்ப நெசத்துல யாரு?" என்றாள் இன்பமேரி.

"அது எனக்கு எப்படித் தெரியும் சித்தி?"

"தெரியாதுல்ல? அப்ப போ."

இதற்கிடையில் டூரிஸ்டுகள் வேறு. ஜீப்பை நிறுத்தி, "ஆ சேச்சியல்லே இது!", அந்த அக்காதானே இது, என்று இறங்கிவந்து போட்டோ எடுத்தார்கள். ஒருத்தன் அதேபோல் சிரித்துக் கையைக் காட்டச் சொன்னான். அதன்பிறகு யார் வழி கேட்டாலும் பெரியம்மா, "அறியில்லா," என்று சொல்லிக் குனிந்துகொண்டாள். அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அருவி எங்கே இருக்கிறது என்று தெரியாதாம்.

அவளுக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. ஆசீர்வாதம். அடிபட்டவர் அவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மதினி நம்புவாள். இன்பமேரி கோவிலுக்குப் போயிருந்த ஒரு பகலில் பெரியம்மா அவரைப் பார்க்கப் போனாள். துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களும் நம்புறீகளா?"

அவர் கொஞ்ச நேரம் தைலம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பிறகு, "நான் எப்பிடி நம்புவேன் தங்கச்சி," என்றார். "போலீசுக்குப் போன் பண்ணினது நான்தானே."

பெரியம்மா கதவைச் சாத்தினாள்.

"அந்த ஸ்டோருக்குள்ள புகை. காயுற சூடு. வெளிய எல அசஞ்சாக்கூட போலீசுன்னு தோணும். பயந்துட்டேன். எத்தன நாளைக்கு இப்பிடின்னு, நானே கூப்புட்டு இந்த எடத்துல இருக்கேன்னு சொன்னேன். சரணடஞ்சா அடிக்க மாட்டோம்னான். வந்து அடிச்சான். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சா, வாசல்ல நம்ம ஆளுக நின்னு காட்டிக்கொடுத்த துரோகி ஒழிகன்னு கோஷம் போடுறாக. கழுத்துல மால போடுறாக. நான் எப்பிடிச் சொல்ல?"

"மதினிக்குத் தெரியாதா?"

"அவளுக்குத்தான் முக்கியமாச் சொல்ல முடியல."

பெரியம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "பயந்தது தப்பில்லண்ணே," என்றாள். "நானா இருந்தாலும் பயந்திருப்பேன். ஆனா இப்ப சொல்லிருங்க. என்னால மதினியோட பேசாம இருக்க முடியல."

"சொல்றேன். வர்ற மாசம் எனக்குப் பாராட்டு விழா வைக்கிறாக. எல்லாரும் இருக்கும்போதே மைக்குல சொல்லிர்றேன். அதுவரைக்கும் நீயும் இந்தப் பிள்ளையும் வாயத் தொறக்காதீக."

நாங்கள் வாயைத் திறக்கவில்லை. தோட்டத்தில் ஒருத்தி காரித் துப்பியபோதும் பெரியம்மா பேசவில்லை. விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

விழா யூனியன் ஆபீஸ் முன்னால் பந்தல் போட்டுக் காலையில் நடந்தது. படத்தால் ஆசீர்வாதத்துக்கு மறுபடியும் பெயர் வந்திருந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். பெரியம்மா பெட்டியிலிருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, எல்லாரும் முறைக்க முறைக்க இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

ஆசீர்வாதம் மைக்கைப் பிடித்தார். சமரத்தைப் பற்றிப் பேசினார். கால் போன குழந்தையைப் பற்றிப் பேசினார். பிறகு தொண்டையைச் செருமினார். பெரியம்மா என் கையைப் பிடித்தாள்.

"என்னயக் காட்டிக்குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா பேரு சொல்ல மாட்டேன். ஏசு சிலுவையில இருந்துக்கிட்டே மன்னிச்சாரு. நானும் மன்னிச்சிட்டேன். நீங்களும் மன்னிச்சிருங்க."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நிறையப் பேர் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அவர் மட்டும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. காட்டிக்கொடுத்தது யாரென்று அவருக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை. அந்த ஆளை மன்னித்தும்விட்டார். தன்னைத்தானே மன்னித்துக்கொள்ள ஒரு மைக்கும் பொன்னாடையும் கிடைத்தன அவருக்கு. படம் எடுத்தவர்களாவது பெரியம்மாவை அறியாதவர்கள். இவர் அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டவர்.

அன்று மத்தியானம் இன்பமேரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். படம் பார்த்த நாளுக்குப் பிறகு முதல்முறை. வந்தவள் பெரியம்மாவின் தோளில் கை வைத்தாள்.

"ஏ குருவு, அவரே மன்னிச்சிட்டாரு. அடிபட்ட மனுசனே மன்னிச்சபெறகு நான் யாரு? நானும் மன்னிச்சிட்டேன்டி. நாளையில இருந்து பழைய நிரைக்கே வா."

பெரியம்மா இதற்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், மதினி திரும்பக் கிடைத்துவிடுவாள். குற்றம் செய்தவளாக, மன்னிக்கப்பட்டவளாக.

அவள் இன்பமேரியின் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

"மன்னிக்கிறதுக்கு நான் ஒண்ணும் செய்யல மதினி. போன் பண்ணிச் சொன்னது அண்ணேதான். எங்கிட்ட அவரே சொன்னாரு. நீ அவருகிட்டயே கேளு."

இன்பமேரி முதலில் சிரித்தாள். பிறகு முகம் கோணியது. "சீ! மன்னிச்ச வாய் மூடல, அதுக்குள்ள அந்த மனுசன் மேலயே போடுறியா? படத்துல காட்டுனது கொஞ்சம்டி ஒனக்கு." என்னைப் பார்த்து, "நீயும் இவகூட இருந்து இதத்தான் படிக்கிறியா?" என்றாள். நான், "அத்தே, நானும் கேட்டேன், அவரு சொன்னாரு," என்றேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. போய்விட்டாள்.

நாலைந்து நாள் கழித்து, மழையால் வேலை நின்றிருந்த ஒரு பகல். பெரியம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்பமேரியின் குரல் கேட்டது.

"ஏங்க. போன் பண்ணினது நீங்களா?"

மழைச் சத்தம் மட்டும்.

"ஒங்களத்தான கேக்கேன்."

"யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரு சொன்னான்னு நான் கேக்கல. பண்ணுனீகளா இல்லையா?"

பதில் வரவில்லை. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அவர் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம் இல்லை.

பெரியம்மா கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, "இப்ப வருவா," என்றாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள், டீ போட.

இன்பமேரி வரவில்லை. அன்றும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே நின்றுபோனது. அவருக்குச் சோறு வைக்கிறாள், தைலம் எடுத்துக் கொடுக்கிறாள், பேசுவதில்லை. எங்களிடமும் பேசுவதில்லை. தண்ணீர்க் குழாயில் எதிரே பார்த்தால் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தெரிந்துவிட்டது என்பது அவள் குனியும் விதத்திலேயே தெரிந்தது. முன்பெல்லாம் வெறுப்போடு நேராகப் பார்ப்பாள்.

போன மாதம் தோட்டத்துக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் இன்பமேரியின் பக்கத்து நிரையில் நின்றாள். பெரியம்மாவைக் காட்டி, "அக்கா, அந்தப் படத்துல ஆளப் பிடிச்சுக் குடுக்குறது இவுகதானா?" என்று கேட்டாள். மெதுவாகக் கேட்டதாக நினைத்திருப்பாள். எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

பெரியம்மா பறிப்பதை நிறுத்திவிட்டு இன்பமேரியைப் பார்த்தாள். இன்பமேரியும் அவளைப் பார்த்தாள். ஒரே ஒரு முறை.

"ஆமா," என்று சொல்லிவிட்டுக் கொழுந்தைக் கூடையில் போட்டாள் இன்பமேரி.

சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் பெரியம்மா சொன்னாள்: "நம்பாம இருந்தா பாரு, அப்பக்கூட எனக்குத் தாங்குச்சு. பாவம், பாத்தத நம்புறா, நானும் அப்பிடித்தான இருந்தேன்னு மனசத் தேத்திக்கிட்டேன். இப்ப எல்லாந் தெரிஞ்சிக்கிட்டே ஆமான்னு சொல்றா."

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், எஸ்டேட்டின் வேறு பகுதிக்கு, வேறு டிவிஷனுக்கு, மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். என்ன காரணம் என்று அவர் கேட்டார். பக்கத்தில் பெண்கள் நின்றிருந்தார்கள். இன்பமேரியும் நின்றிருந்தாள்.

"இடுப்பு வலி சார். இந்த மேடு ஏற முடியல," என்றாள் பெரியம்மா.

அவர் சரி என்றார். அவள் கேட்ட டிவிஷன் இதைவிட மேட்டில் இருக்கிறது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.